பன்னிரண்டு, பதினான்கு, பன்னிரண்டு

ஆஸ்பத்திரியில் அவனுக்கு மில்லி என்று பெயர். பெயரைக் கேட்டுக் குடிகாரன் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். டீயைத் தவிர வேறு எதையும் தொடாதவன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். "நம்ம கையில ஒரு மில்லி பிசகாது" என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவான். யாரும் கேட்காமலே சொல்லுவான். சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு கண்ணாடிக் குழாயில் கவிழ்ந்தது. ஈ.எஸ்.ஆர். என்று ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருக்கிறதா, அதாவது வெளியே தெரியாமல் உள்ளே ஏதாவது வெந்துகொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பெரிய வித்தையெல்லாம் இல்லை. ரத்தத்தை நீளமான குழாயில் ஏற்றி, ஆடாமல் அசையாமல் நேராக நிறுத்தி வைக்க வேண்டும். சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேலே எத்தனை மில்லிமீட்டர் தெளிந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுத வேண்டும். நல்ல உடம்பாக இருந்தால் சாவகாசமாக இறங்கும். அழற்சி இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிடும். இதில் டெக்னீஷியன் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். காத்திருப்பது.

மில்லி காத்திருக்கவில்லை. அதுவும் யாருடைய ரத்தத்துக்கு? அண்ணியின் ரத்தத்துக்கு.

அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் பஸ் ஓட்டுகிறவர்; விடிவதற்கு முன்னால் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவனுக்குப் பரிமாறியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தபோது அண்ணனிடம் அவனுக்காக வாயாடியது எல்லாம் அண்ணிதான். டெக்னீஷியன் படிப்புக்கு அவன் ஆசைப்பட்டபோது, பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் பட்டன் துளை போடும் வேலைக்குப் போனவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். இப்போது நாற்பத்தொன்பது வயது.

நாலு மாதத்துக்கு முன்னால் அண்ணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவாள். மில்லி குடும்பம் மாடியில், அண்ணன் குடும்பம் கீழே. பாதியில் நிற்கிறவளைப் பார்த்து அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நாலு. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதம் ஒரு தடவை ரத்த எண்ணிக்கையும் ஈ.எஸ்.ஆரும் பார்க்கச் சொன்னார்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டபோது அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். வெளியே வந்த பிறகு அவனிடம் மட்டும் சொன்னாள்.

"காலையில எழுந்தா கை மடங்க மாட்டேங்குது தம்பி. வெந்நீர்ல வச்சு எடுத்தாலும் ஒரு மணி நேரம் ஆகுது. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா மெஷின்லேருந்து எடுத்துடுவாங்க. அதான் உள்ள சொல்லல."

"ரத்தம் கம்மியா இருந்தா அப்படித்தான் இருக்கும் அண்ணி. ஏறுச்சுன்னா எல்லாம் சரியாயிடும்" என்றான் மில்லி. டாக்டருக்குப் படித்தவன் மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னான். அண்ணியும் அதை நம்பினாள்.

அண்ணிக்குச் சனிக்கிழமைதான் அரை நாள் வேலை. பன்னிரண்டரைக்கு வருவாள். கூடம் ஒரு மணிக்கு மூடும். ஒரு மணிக்கு மேல் மில்லிக்கு என்ன அவ்வளவு தலைபோகிற காரியம்? கேரம். தெருமுனைச் சங்கத்தில் சனிக்கிழமை மத்தியானம் நாலு பேர் கூடிக் கேரம் ஆடுவார்கள். ஒன்று பத்து பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் ஆட்டத்துக்குப் போய்ச் சேர முடியும். இதைச் சொல்லவே நமக்கு நாக்கு கூசுகிறது. செய்தவனுக்கு அன்றைக்குக் கூசவில்லை.

முதல் மாதம் குழாயில் ரத்தத்தை ஏற்றித்தான் வைத்தான். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தான். இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பத்து நிமிஷத்துக்கு இரண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஆறிரண்டு பன்னிரண்டு என்று எழுதிவிட்டுக் குழாயைக் கழுவிவைத்தான். முதல் பத்து நிமிஷத்தில் எந்த ரத்தமும் அவ்வளவாக இறங்காது. அணுக்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து அடுக்காகச் சேர்வதற்கே அந்த நேரம் போய்விடும். அதற்குப் பிறகுதான் வேகம் எடுக்கும். இது முதல் வருஷப் பாடம். அவனே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இரண்டாவது மாதம் குழாயைக்கூட எடுக்கவில்லை. போன தடவை பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு என்றால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும் என்று பதினான்கு எழுதினான். மூன்றாவது மாதம் பன்னிரண்டு. வெளியாள் ஒருத்தருடைய ரத்தத்தில் அவன் இப்படிச் செய்ததே கிடையாது. நம் வீட்டு ஆள்தானே, இலவசப் பரிசோதனைதானே, இரும்புச்சத்துக் குறைவு என்று ஏற்கெனவே தெரிந்ததுதானே என்று மூன்று 'தானே' போட்டு மனசை ஒப்பேற்றிவிட்டான்.

ஹீமோகுளோபினை மட்டும் மெஷின் பார்க்கும். அதற்குக் கேரம் ஆடத் தெரியாது. ஒன்பது புள்ளி நாலு, ஒன்பது புள்ளி ஒன்று, எட்டு புள்ளி ஏழு என்று அது உள்ளதை உள்ளபடி காட்டியது. மாத்திரை சாப்பிடச் சாப்பிட ரத்தம் இறங்கிக்கொண்டே போனது.

மூன்றாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு குடும்பமும் கீழே ஒரே மேசையில் சாப்பிடுகிற நாள். அண்ணன், அண்ணி, காலேஜில் படிக்கிற அவர்கள் மகள், மில்லி, அவன் மனைவி. அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"என்னடா, உங்க அண்ணிக்கு ஏறவே மாட்டேங்குது?"

மில்லி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மாத்திரை உள்ள போனா ஏறும்ண்ணே. ஏறலைன்னா உள்ள போகலைன்னு அர்த்தம். மெஷின் பொய் சொல்லாது."

அண்ணிக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் முழுங்குறேன் தம்பி. ஒரு நாள் விடல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. கறுப்பாத்தான் போகுது. முழுங்காமலா அப்படிப் போகும்?"

இரும்பு மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மலம் கறுத்தால் மாத்திரை போகிறது என்று அர்த்தம். மில்லிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தன் வாக்கு பொய்த்துவிடக் கூடாது என்கிற எண்ணம் அதைவிட முந்திக்கொண்டது.

"சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு அண்ணி" என்று வாயை அடைத்துவிட்டான்.

அண்ணியின் மகள் எழுந்து போய்ச் சமையலறைக் குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தாள். மாத்திரை எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான். பெற்ற மகள் தன்னைச் சோதனை போடுவதை அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாளிலிருந்து அண்ணன் கூடவே நின்றார். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து, மாத்திரையை வாயில் போடச் சொல்லி, "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று பார்ப்பார். பொல்லாதவர் இல்லை அவர். தம்பி படித்தவன், ரத்தத்தைப் பற்றி அவன் சொன்னால் அது வேதம் என்று நினைக்கிற மனிதர். ஐம்பது வயதை நெருங்குகிற பெண்பிள்ளை தன் புருஷன் முன்னால் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள்.

நாலாவது மாதம் எட்டு புள்ளி இரண்டு. இந்தத் தடவை டாக்டரம்மா திங்கட்கிழமை அவரே அழைத்துப் பார்த்தார்; மூன்று தடவை சரியாக இருந்த ஈ.எஸ்.ஆரை மறுபடி கேட்கவில்லை. மாத்திரை பலிக்கவில்லை, இரும்பை நேராக நரம்பில் ஏற்றிவிடலாம் என்று யோசித்தார். அதற்கு முன்னால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று பார்க்க, ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பினார். இரண்டு நாளில் முடிவு வந்ததும் மில்லியை அறைக்குக் கூப்பிட்டார்.

"இதைப் பாருங்க. ஃபெரிட்டின் அறுநூத்தி நாப்பது."

மில்லி காகிதத்தைப் பார்த்தான். நூற்றைம்பதே ஜாஸ்தி. இரும்பு இல்லாத உடம்பு என்று நாலு மாதமாக மாத்திரை கொடுத்தார்களே, அந்த உடம்பில் இரும்பு வைக்க இடமில்லாமல் கிடக்கிறது.

"கிடங்கு நிறைய இரும்பு இருக்கு. ஆனா அதை எடுத்து ரத்தம் உண்டாக்க முடியல" என்றார் டாக்டரம்மா. "இப்படி இருந்தா முதல்ல அழற்சியைத்தான் சந்தேகப்படணும். ஆனா இவங்களுக்கு அழற்சியே இல்லையே. பன்னெண்டு, பதினாலு, பன்னெண்டு. வேற யாராவது போட்ட ரிப்போர்ட்டா இருந்தா மறுபடியும் பாக்கச் சொல்லியிருப்பேன். நீங்க போட்டது. அப்போ மஜ்ஜையிலயே ஏதோ கோளாறு. இடுப்பு எலும்புல ஊசி போட்டு எடுத்துப் பாத்துடலாம். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லுங்க."

நீங்க போட்டது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. பாடம் மறந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. உடம்பில் அழற்சி என்றால், கிருமிதான் புகுந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. கிருமிக்கும் இரும்பு வேண்டும். அதனால் ஈரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரந்து, இரும்பு வெளியே போகிற வாசலையெல்லாம் சாத்தச் சொல்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகாது, கிடங்கிலிருந்தும் வராது. மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரவேண்டிய இளம் அணுக்கள் இரும்பு கிடைக்காமல் பாதியிலேயே நின்றுபோகும். சிறுநீரகம் 'ரத்தம் உண்டாக்கு' என்று அனுப்புகிற சேதியும் அங்கே சரியாக எடுபடாது. மஜ்ஜை வெள்ளணு உண்டாக்குவதில் மும்முரமாகிவிடும். இருக்கிற சிவப்பணுக்களும் காலத்துக்கு முன்னாலேயே அழியும். வாசல் சாத்திக் கிடக்கிற வீட்டுக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்? அண்ணி விழுங்கிய மாத்திரை அத்தனையும் குடலைப் புண்ணாக்கிவிட்டுக் கறுப்பாக வெளியே போயிருக்கிறது.

காலையில் ஒரு மணி நேரம் மடங்காத விரல். அது வேறு இப்போது நினைவுக்கு வந்தது. மூட்டுவாதம். அதைக்கூட அவனிடம் சொன்னாள். ஒரு மில்லி பிசகாதவனிடம் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை ஊசிக்கு முந்திய சோதனைகளுக்காக அண்ணியின் ரத்தம் வந்தது. மில்லி அதில் கொஞ்சம் எடுத்து நீளக் குழாயில் ஏற்றி நிறுத்தினான். முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பத்தாவது நிமிஷம் இரண்டு மில்லிமீட்டர். அன்றைக்குப் பார்த்த அதே இரண்டு. இருபதாவது நிமிஷம் பதினேழு. நாற்பதாவது நிமிஷம் அறுபத்தொன்று. யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஒரு மணி நேரம் முடிந்தபோது தொண்ணூற்று நாலு. குழாயில் பாதி வரைக்கும் மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. வேறு யாரும் பக்கத்தில் இல்லை என்றாலும் அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

இனி நடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். மில்லி ஒரு தந்திரம் யோசித்தான். பழைய எண்களைப் பற்றி மூச்சு விடவேண்டாம். புதிய எண்ணை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டரம்மாவே அழற்சி என்று புரிந்துகொள்வார். அண்ணிக்கு ஊசியும் தப்பும், தன் மானமும் தப்பும். கல்லெறியாமலே மாங்காய் விழும் என்று கணக்குப் போட்டான்.

"மேடம், அண்ணிக்கு இன்னைக்கு ஈ.எஸ்.ஆர். தொண்ணூத்தி நாலு வருது. திடீர்னு ஏறியிருக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "போன மாசம் பன்னெண்டு. இன்னைக்குத் தொண்ணூத்தி நாலா? காய்ச்சல் ஏதாவது?"

"இல்ல மேடம்."

"ரத்தம் குறைய ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. அப்பல்லாம் ஈ.எஸ்.ஆர். சரியா இருந்திருக்கு. அப்போ அந்தக் குறைச்சலுக்கு இது காரணம் இல்ல. ரெண்டுக்கும் பின்னால வேற ஏதோ இருக்கு. இவ்வளவு வேகமா ஏறுதுன்னா புற்று மாதிரி ஏதாவதான்னு பாத்தே ஆகணும்." தேதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வியாழக்கிழமை வரைக்கும் போக வேணாம். நாளைக்குக் காலையிலயே வச்சுக்கலாம். நீங்களே உங்க அண்ணனுக்குச் சொல்லிடுங்க, பக்குவமா."

பொய்யை மறைக்கப் போய் ஊசியை இரண்டு நாள் முன்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தான் நம் ஆள்.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னான். புற்று என்ற வார்த்தையை எவ்வளவு பூசி மெழுகினாலும் அது புற்றாகத்தான் காதில் விழுகிறது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி அழவில்லை. மகளைக் கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில், அப்பாவுக்குக் காலையில் எந்தச் சட்டை, தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் "சரிம்மா, சரிம்மா" என்று அழுதபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மில்லி முன்னறைக் கதவருகே நின்று அத்தனையும் கேட்டான். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தான். வேலை போகும், பெயர் போகும், அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது என்று இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்று சொன்னான், அது மட்டும் உண்மை.

மறுநாள் காலை ஒன்பதரை. மஜ்ஜை எடுக்கிறபோது டெக்னீஷியன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எடுத்த உடனே கண்ணாடித் தகட்டில் தீற்றாவிட்டால் உறைந்துவிடும். அந்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் மில்லியை விட்டால் ஆளில்லை. அண்ணியைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் மருந்து தடவியிருந்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நர்ஸ் நடுவில் துணித்திரையை இழுத்துவிட்டிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் சின்ன மேசையில் பத்துக் கண்ணாடித் தகடுகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டு மில்லி நின்றான். நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட வெளியே போனாள்.

"தம்பி, நீதானே அங்க நிக்கிறது?"

"ஆமா அண்ணி."

"ஒண்ணு சொல்லணும். உங்க அண்ணன்கிட்ட சொல்லாத." அண்ணியின் குரல் தலையணையில் புதைந்து வந்தது. "நான் பொய் சொல்லிட்டேன். ரெண்டு நாள் மாத்திரையை முழுங்கல. அவர் வாயைத் திறந்து பாத்தாரு. கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிருந்து, அப்புறம் போய்த் துப்பிட்டேன். வயிறு தாங்கல தம்பி. ரெண்டே ரெண்டு நாள். அதனாலதான் இவ்வளவு தூரம் வந்துடுச்சா?"

மில்லி ஒரு தகட்டை எடுத்து, துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"நீ அன்னைக்கு மேசையில சொன்னப்போ எனக்குக் கோவமா வந்துச்சு. ஆனா நீ சொன்ன மாதிரியே நான் பண்ணிட்டேன் பாரு. உன் மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்கு."

கையிலிருந்த தகட்டை மில்லி மேசையில் வைத்தான். இவ்வளவு நேரம் அவனை வாயைத் திறக்கவிடாமல் பிடித்திருந்த மானம், பெயர், பத்தொன்பது வருஷம் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"அண்ணி, எழுந்திருங்க. ஊசி வேணாம்."

"என்ன சொல்ற?"

"உங்களுக்கு ஈ.எஸ்.ஆர். நான் பாக்கவே இல்ல. மூணு மாசமும் பாக்கல. சும்மா எழுதினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுதினேன். உங்க உடம்புல அழற்சி இருக்கு, அதான் ரத்தம் ஊறல. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க ஆயிரம் முழுங்கியிருந்தாலும் ஏறியிருக்காது."

கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்த டாக்டரம்மா கதவருகில் நின்றுவிட்டார். கடைசி வாக்கியங்கள் அவர் காதில் விழுந்துவிட்டன என்பது முகத்திலேயே தெரிந்தது. மில்லி திரும்பி, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னான். பத்து நிமிஷம், இரண்டு மில்லிமீட்டர், ஆறிரண்டு பன்னிரண்டு. இரண்டாவது தடவை குழாயே எடுக்காதது. நேற்றுக் காட்டிய தொண்ணூற்று நாலு நேற்று ஏறியதில்லை என்பது. ஒன்றையும் விடவில்லை.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னும் எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கீங்க?"

"வேற யாருக்கும் இல்ல மேடம். சத்தியமா. அண்ணிக்கு மட்டும்தான்."

"ஓகோ. ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தீங்க. உங்களைப் படிக்க வச்சவங்களுக்குப் பத்து நிமிஷம்." கையுறையைக் கழற்றித் தட்டில் போட்டார். "வெளியே இருங்க. நடந்ததை எல்லாம் எழுதிக் குடுங்க. உங்க பழைய ரிப்போர்ட்டை எல்லாம் வேற ஆள் வச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் நீங்க எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

அவன் வெளியே நின்றான். கதவிடுக்கு வழியாக டாக்டரம்மா அண்ணியை உட்காரவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது தெரிந்தது. "வலிக்குதா?" "ஆமா." "எத்தனை நாளா?" "ஒரு வருஷமா." கணுக்கள் வீங்கி, மோதிர விரல் மோதிரத்தைக் கழற்ற முடியாதபடி பருத்திருந்தது. அண்ணியின் கையை அவ்வளவு பக்கத்தில் மில்லி பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. மாதாமாதம் அந்தக் கையில்தான் ரத்தம் எடுத்தான்.

மூட்டுவாதம் என்று டாக்டரம்மா சொன்னார். அழற்சியை அடக்கினால் ரத்தம் தானாக ஊறும். இரும்பு மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். வேறு சில ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். ரத்தத்தை மில்லி எடுக்கவில்லை; கூடத்தில் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற பெண் எடுத்தாள்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மில்லி பக்கத்தில் உட்காரத் துணியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நிறுத்தம் போன பிறகு அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ அன்னைக்குக் குப்பைக்கூடையைத் திறந்து பாத்தாளே எம் பொண்ணு."

"அண்ணி..."

"உங்க அண்ணன் தினமும் வாயைத் திறன்னு சொன்னாரே. அது எதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்கிட்ட சொன்னது பத்தாது" என்றாள் அண்ணி. "டாக்டர்கிட்ட சொன்னதும் பத்தாது. எல்லாரும் இருக்கும்போது என்னைச் சொன்னே இல்ல? எல்லாரும் இருக்கும்போதே உன்னையும் சொல்லு."

நிறுத்தம் வந்ததும் அவனுக்காக நிற்காமல் இறங்கி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் மேசையில் உட்கார்ந்தார்கள். புற்று இல்லை என்கிற சந்தோஷத்தில் அண்ணன் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "எல்லாம் உன்னாலதான்டா. கடைசி நேரத்துல நீதானே ஊசி வேணாம்னு நிறுத்தினியாம்" என்று தம்பி தோளில் தட்டினார். அண்ணி அவரிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மீதியை அவனுக்காக விட்டுவைத்திருந்தாள்.

மில்லி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, அண்ணி மாத்திரை முழுங்கலைன்னு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தான். அங்கேயே நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து அவன் எப்போது திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாலும், "சரி விடுங்க, பிள்ளை தெரியாம செஞ்சுட்டான்" என்று அண்ணி குறுக்கே வந்துவிடுவாள். இப்போதும் வருவாள் என்று உள்ளே ஒரு மூலையில் காத்துக்கொண்டிருந்தான். காத்திருக்கத் தெரியாதவன் அதற்கு மட்டும் காத்திருந்தான். அண்ணி வீங்கிய விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அவன் தொடர்ந்தான். கேரம் என்று சொன்னபோது மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். அண்ணியின் மகள் தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தாள். அண்ணனுடைய கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மூன்று தடவையும் பொய்யாக எழுதினேன் என்கிற இடம் வந்தபோது மில்லியின் வார்த்தை உதட்டுக்குள்ளேயே போய்விட்டது. அண்ணன் புரியாமல், "என்னடா?" என்றார்.

"சத்தமாச் சொல்லு தம்பி" என்றாள் அண்ணி. "உங்க அண்ணனுக்குக் கேக்கல."

அவன் சத்தமாகச் சொன்னான்.